மறைவிடக் காயமா? டாக்டரிடம் மறைக்காதீர்கள்



வேலி தாண்டும்போது மறைவிடத்தில் முளைக்குச்சி குத்திவிடுகிறது. வெட்கப்பட்டு, "தொடையிலே காயமுங்க"ன்னு மருந்து கேட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். குத்துக்காயத்துக்கு வாய் சிறிசு. ஆழம் வெளியே தெரியாது. குச்சி உள்ளே நின்றால் பிடுங்காமல் அப்படியே வாருங்கள்.

எது குத்தியது, எப்போது, சிறுநீர் போகிறதா, ரணஜன்னி ஊசி எப்போது போட்டது என்று டாக்டர் கேட்டு எழுதுவார். உலக சுகாதார நிறுவனத்தின் 10-ஆம் நோய்ப் பட்டியலில் ஆணுறுப்புக் காயத்துக்கு எஸ்31.2, விதைப்பைக்கு எஸ்31.3, பெண்ணுறுப்புக்கு எஸ்31.4 என்று தனித்தனி எண். தொடைக்கு எஸ்71.1. இடம் மாற்றிச் சொன்னால் சீட்டும் மாறிப்போகும். பெரிய ஆஸ்பத்திரியில் தொடையைத்தான் பார்ப்பார்கள்.

யாராவது குத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் அன்றைக்கு எழுதியதுதான் பிறகு சாட்சி. மனைவிக்குக் காயமென்றால், கணவர் சற்று வெளியே இருங்கள். அந்த அம்மாவே பேசட்டும்.