கோடிப்புறக் கொட்டிலும் அதன் அத்திவாரமும்

வீடு கட்டுவோர் அத்திவாரத்தைப் பற்றிச் சிந்தியாதிருப்பதில்லை. நாட்பார்த்து, கல் நாட்டி, கைதேர்ந்த மேசனை அழைத்து, உறவினரையும் கூட்டியே அவ்வேலையைத் தொடங்குவர். ஆனால் அதே வளவின் கோடிப்புறத்தில் ஒரு சிறு கொட்டில் எழுப்ப நேரும்போது அந்தக் கவனம் எங்கேயோ மறைந்துவிடுகின்றது. கொட்டில்தானே என்ற ஒரு சொல்லே அதற்குக் காரணம். நாலு கப்பை நட்டு, நடுவில் மண்ணைச் சற்றே உயர்த்தி, மேலே கூரையைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுவோர் பலர்.

அக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதை மாரிகாலம் காட்டிவிடும். யாழ்ப்பாணத்துக் கமக்காரர் ஒருவருடைய கொட்டிலுள் இருப்பவை எவை? பிடிபிடியாகக் கட்டித் தூக்கிய விதைவெங்காயம், உரப்பைகள், நீரிறைக்கும் இயந்திரம், மண்வெட்டி, கடகம், துவிச்சக்கரவண்டி. சுருங்கச் சொன்னால், அக்குடும்பத்தின் அடுத்த போகமே அங்கேதான் இருக்கின்றது. நிலத்தின் ஈரம் மேலேறினால் விதை அழுகும், உரம் கட்டிபடும், இரும்பு துருப்பிடிக்கும். கப்புகளைக் கறையான் அரிக்கும். சுவர் வைத்த கொட்டிலாயின், ஒரு மூலை இறங்கிய மாத்திரத்தில் சுவர் வெடிக்கும். கூரையில் ஒழுக்கு உண்டானால் ஒரு நாளில் மாற்றிவிடலாம். அத்திவாரத்திற் பிழை நேர்ந்தாலோ கொட்டிலையே பிரித்தாலன்றி அதைத் திருத்த முடியாது.

இவ்வேலைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. அலவாங்கு, மண்வெட்டி, கடகம், நூல், சில முளைகள், தூக்குக்குண்டு, மேசன் கரண்டி, நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய் ஒன்று, மண்ணை இறுக்கத் திமிசுக்கட்டை ஒன்று ஆகியவை போதும். இவற்றோடு பொறுமையும் இருந்தால், தந்தையும் மகனும் சேர்ந்து இரண்டு மூன்று கிழமைகளில், காலைப்பொழுதுகளை மட்டும் செலவிட்டு, ஒரு நல்ல அத்திவாரத்தை இட்டுவிடலாம்.

முதலில் கவனிக்க வேண்டியவை இடமும் காலமும். வளவில் மேடான இடமே உகந்தது. வெள்ளம் வடிந்தோடும் வழியில் கொட்டில் அமைதலாகாது. தென்னைக்கு நேர் கீழும், மாமரம் பலாமரம் போன்றவற்றின் பெருவேர்கள் ஓடும் இடமும் தவிர்க்கத்தக்கன. காலத்தைப் பொறுத்தவரை, வடபகுதிக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே கிடைக்கின்றது. ஆகையால் ஆடி, ஆவணி மாதங்களில் வேலையைத் தொடங்கிப் புரட்டாதிக்குள் தளத்தை முடித்துவிடுதல் சாலச் சிறந்தது.

நிலத்தைத் தோண்டுவதற்கு முன் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்வோர் மனத்திற் கொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர் மண்ணுக்குள் விட்டுச்சென்ற வெடிபொருட்கள் இன்னும் முற்றாக அகற்றப்படவில்லை. நெடுங்காலம் ஆளின்றிக் கிடந்த வளவாயின், அது துப்புரவாக்கப்பட்டதா என்பதை முன்னரே விசாரித்தறிதல் வேண்டும். அலவாங்கில் இனந்தெரியாத உலோகப்பொருள் தட்டுப்பட்டால் அதைத் தொடாமலும் அசைக்காமலும் விலகி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிப்பதே செய்யத்தக்கது. ஒரு கொட்டிலுக்காக உயிரையோ உறுப்பையோ பணயம் வைத்தல் எவ்வாற்றானும் தகாது.

இனி அளவு குறித்தல். சுவர்களின் நடுக்கோட்டில் அளந்து 10 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட ஒரு கொட்டிலை எடுத்துக்கொள்வோம். நான்கு மூலைகளிலும் முளையடித்து நூல் கட்டியதும், மூலை செங்கோணமாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு மூலையிலிருந்து நீளப்பக்கத்தில் 6 அடியும் அகலப்பக்கத்தில் 8 அடியும் அளந்தால், அவ்விரு முனைகளுக்கும் இடையே சரியாக 10 அடி இருத்தல் வேண்டும். எல்லா மூலைகளும் ஒத்துவந்தபின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்கலாம். இரண்டும் சமமாக, 12 அடி 9¾ அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாக இருக்கும். இங்கே அரை அங்குலம் தவறினால், கூரை போடும் நாளில் அது பல மடங்காக வெளிப்படும்.

வெட்டும் கிடங்கு ஒன்றரை அடி அகலமும் இரண்டு அடி ஆழமும் உடையதாயின், நான்கு பக்கமும் சேர்ந்து 108 கன அடி மண் வெளிவரும். கன அடி ஒன்று ஏறத்தாழ 100 இறாத்தல் எனக் கொண்டால், அது ஐந்து தொன்னுக்குச் சற்றே குறைந்த பாரம். இக்கணக்கை அறிந்தவர் அவ்வேலையை ஒரே நாளில் முடிக்க முயன்று முதுகை வருத்திக்கொள்ளார். மேல்மண்ணில் வேரும் சருகும் கலந்திருப்பதால் அதைத் தோட்டத்துக்கென வேறாகக் குவித்து, அடிமண்ணைத் தள நிரப்புக்கென ஒதுக்கி வைத்தல் நன்று.

எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்பதை மண்ணே சொல்லும். செம்பாட்டு நிலத்தில் சில அடிகளுக்குள்ளேயே சுண்ணாம்புப் பாறை எதிர்ப்படுவதுண்டு. பாறை உறுதியாயின் அதன் மேலேயே அத்திவாரத்தை அமைக்கலாம். மேலும் வெட்டுதல் வீண் உழைப்பு. எனினும் அப்பாறையை அலவாங்கால் தட்டிப் பார்த்தல் அவசியம். சுண்ணாம்புக்கல் மழைநீரிற் சிறிது சிறிதாகக் கரையும் இயல்புடையது. அதனுள்ளே பொந்துகளும் குகைகளும் உண்டாகும். நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு அவ்வியல்புக்குக் கண்கண்ட சான்று. வெறுமையான ஓசை எழும் இடத்தை உடைத்துப் பார்த்து, பொந்து இருப்பின் கல்லும் சாந்தும் இட்டு நிரப்ப வேண்டும். வன்னியின் வயலோர நிலங்களிற் காணப்படும் களிமண் வேறு வகையானது. மாரியில் நீரை உறிஞ்சிப் பருக்கும். கோடையிற் சுருங்கி வெடிக்கும். அங்கே கிடங்கு இன்னும் ஆழமாக, அந்த வெடிப்புகள் எட்டாத மண் வரையில் இறங்குதல் வேண்டும். மணற்றரையிலோ கிடங்கின் பக்கங்கள் சரியுமாதலால் அகலம் கூடுதலாக வேண்டும்.

கிடங்கின் அடியை மட்டப்படுத்தி, நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கியபின், நீர்க்குழாயால் மட்டம் பார்க்கலாம். குழாயினுள் காற்றுக்குமிழி இல்லாதிருந்தால், இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அம்மட்டத்தை நான்கு மூலை முளைகளிலும் குறித்துக்கொண்டு, 4 அங்குலத் தடிப்பில் கொங்கிறீற்றுப் படுக்கை இடப்படும். சீமெந்து ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, சல்லி ஆறு பங்கு என்ற கலவை இதற்குப் போதும். மேற்சொன்ன அளவுக்கு 50 கிலோகிராம் நிறையுள்ள சீமெந்துப் பைகள் இரண்டரை செல்லும்.

கலவையிற் பலர் செய்யும் பிழை நீரை மிகுதியாக ஊற்றுவதாகும். இளகிய கலவை கைக்கு எளிதாயிருக்கலாம். ஆனால் மிகுதி நீர் உலர்ந்துபோனபின் அது நின்ற இடமெல்லாம் நுண்ணிய துளைகளாகிப் பலம் குன்றும். ஒரு பைக்கு 25 முதல் 30 லீற்றர் வரை நீர் போதுமானது. மணல் ஈரமாயிருந்தால் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். கடற்கரை மணலைக் கழுவாமற் பயன்படுத்துதல் ஆகாது. அதிலுள்ள உப்பு என்றென்றும் ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். மணலை அனுமதிப்பத்திரம் உள்ளவரிடமே வாங்குதல் முறை. கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பதும் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. அக்கல்லே கரையைக் காக்கும் அரண். சீமெந்தின் காரம் தோலைப் புண்ணாக்குமாதலால், வெறுங்காலுடன் கலவையை மிதித்தலும் வெறுங்கையால் அள்ளுதலும் கூடா.

படுக்கை இறுகியபின் கல் கட்டுதல் தொடங்கும். தரைமட்டம் வரை 15 அங்குல அகலத்திலும், அதற்கு மேல் ஓரடி உயரத்துக்கு 12 அங்குல அகலத்திலும் கட்டலாம். இதற்கு ஒரு கியூப்புக்குச் சற்று மேற்பட்ட கல் வேண்டும். பெரிய கற்கள் அடியிலும் மூலைகளிலும் அமைதல் வேண்டும். ஒவ்வொரு கல்லும் தன் அகன்ற முகத்தில் படுத்திருக்க வேண்டுமேயன்றி நிறுத்தி வைக்கப்படலாகாது. கீழ் வரிசையின் பொருத்துக்கு நேரே மேல் வரிசையின் பொருத்து வந்தால் அதுவே வெடிப்புக்கு வழியாகும். இடையிடையே சுவரின் ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை எட்டும் நீண்ட கற்களை வைத்தால் இரு முகங்களும் பிரியா. கற்களை நனைத்தே வைத்தல் வேண்டும். உலர்ந்த கல் சாந்திலுள்ள நீரைக் குடித்துவிடும். இடைவெளிகளைச் சாந்தின்றி வெறுஞ்சல்லியால் அடைப்பது கண்ணுக்குத் தெரியாத களவு. கூலிக்குச் செய்பவரே அதைச் செய்வார் என்பதில்லை. களைத்த மாலைப்பொழுதில் வீட்டுக்காரரும் செய்வதுண்டு.

சுவர் முடிந்தபின் உள்ளே மண் நிரப்ப வேண்டும். முன்பு ஒதுக்கி வைத்த அடிமண், களியாக இல்லாதவிடத்து, இதற்குத் தாராளமாகப் போதும். ஒரே தரத்திற் கொட்டாமல், 4 அங்குலப் படைகளாக இட்டு, நீர் தெளித்து, ஒவ்வொரு படையையும் தனித்தனியே இடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் பொலித்தீன் விரிப்பை இட்டு, 3 அங்குலக் கொங்கிறீற்றும் ஓர் அங்குல மேற்பூச்சும் இட்டால் நிலத்தின் ஈரம் தளத்தை எட்டாது. அத்திவாரச் சுவரின் தலையிலும் செறிந்த சீமெந்துச் சாந்து பூசி, அது காய்ந்தபின் தார் தடவுதல் ஈரத்தைத் தடுக்கும். கறையானின் வழியையும் ஓரளவு மறிக்கும். மரக்கப்புகளை மண்ணில் நடாது இச்சுவரின் மேல் இரும்புப் பட்டம் கொண்டு பொருத்தினால், அவற்றின் ஆயுள் பன்மடங்கு நீளும்.

எஞ்சியிருப்பது யாவற்றிலும் எளிதானது. ஆயினும் அதுவே பெரும்பாலும் கைவிடப்படுகின்றது. சீமெந்து காய்வதனால் இறுகுவதன்று. நீருடன் சேர்ந்து மாற்றமடைவதனாலேயே இறுகுகின்றது. ஆகவே ஈரச்சாக்கினால் மூடி, குறைந்தது ஏழு நாட்களுக்குக் காலையும் மாலையும் நனைத்துவர வேண்டும். கொங்கிறீற்றின் பலத்தைக் கணிப்போர் 28 நாட்கள் கழிந்தபின்னரே அதைச் சோதிப்பர். வீட்டில் முதியவரும் சிறுவரும் கூடச் செய்யக்கூடிய வேலை இது. கிணற்றிலிருந்து நாள்தோறும் சில வாளி நீர் அள்ளி ஊற்றச் சோம்பினால், அள்ளிய ஐந்து தொன் மண்ணும் சுமந்த கல்லும் பாதிப்பயனே தரும்.

இவ்வாறு இடப்பட்ட அத்திவாரத்தின் பெரும்பகுதி மண்ணுக்குள் மறைந்துவிடும். வருவோர் கூரையைப் பார்ப்பார்கள், கதவைப் பார்ப்பார்கள், கீழே இருப்பதை ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஐப்பசியில் அடைமழை பிடித்து, வளவெங்கும் வெள்ளம் நிற்கையில், கொட்டிலினுள்ளே விதைவெங்காயம் உலர்ந்தபடி தொங்குமாயின், அவ்வுழைப்புக்கு அதுவே போதிய கூலி.