குழந்தைகளின் காது, மூக்கு, தொண்டை நோய்கள்: ஆராய்ச்சி காட்டும் வழி

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட சுகாதாரப் பயிற்சி முகாமில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



புதிய நெல் விதை ஒன்று ஊருக்கு வருகிறது. அது நல்ல விளைச்சல் தரும் என்று விற்பவர் சொல்கிறார். அந்தச் சொல்லை மட்டும் நம்பி நீங்கள் நிலம் முழுவதிலும் அதை விதைத்துவிடுவதில்லை. ஒரு பாத்தியில் புதிய விதை, பக்கத்துப் பாத்தியில் பழைய விதை. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே எரு. அறுவடையில் இரண்டையும் தனித்தனியே அளந்து பார்த்த பிறகே முடிவுக்கு வருகிறீர்கள். மருத்துவத்தில் ஆராய்ச்சி என்று நாங்கள் சொல்வதும் பெரும்பாலும் இதுவேதான். ஒத்த நோயுள்ள குழந்தைகளைப் பிரிவுகளாக்கி, ஒரு பிரிவுக்கு ஒரு சிகிச்சையும் மற்றொரு பிரிவுக்கு வேறு சிகிச்சையும் அளித்து, முடிவை எண்ணிப் பார்க்கிறோம். இவ்வாறு பார்த்ததில், குழந்தைகளின் காது, மூக்கு, தொண்டை நோய்களைப் பற்றி நாம் நம்பியிருந்த சில செய்திகள் தவறென்று தெரியவந்துள்ளன. அவற்றை உங்கள் முன் வைப்பதே என் நோக்கம்.

காது வடிதல்

முதலில் காதை எடுத்துக்கொள்வோம். நம் செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த ஒரு சிறு அறை இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மூக்கின் பின்புறம் வரை செல்கிறது. பெரியவர்களுக்கு இக்குழாய் நீண்டு சரிவாக அமைந்துள்ளது. குழந்தைகளுக்கோ அது குட்டையாகவும் ஏறத்தாழப் படுக்கையாகவும் இருக்கிறது. ஆகவே சளி பிடித்த குழந்தையின் மூக்கிலுள்ள கிருமிகள் எளிதில் காதினுள் சென்றுவிடுகின்றன. உள்ளே சீழ் கட்டி, வலி மிகுந்து, செவிப்பறை கிழிந்து சீழ் வெளியே வருகிறது. வலி உடனே குறைந்துவிடுவதால் நோய் நீங்கிவிட்டது என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். உண்மையில் பல குழந்தைகளுக்கு நோய் அப்போதுதான் வேர்விடுகிறது. இரண்டு வாரத்திற்கு மேல் காது வடிந்துகொண்டிருந்தால் அது நாட்பட்ட நோயாகக் கருதப்படும்.

உலக சுகாதார நிறுவனம் 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், உலகில் இந்நோய் உள்ளவர்கள் 6.5 கோடி முதல் 33 கோடி வரை இருக்கலாம் என்றும், அவர்களில் 100-க்கு 60 பேருக்குக் கேட்கும் திறன் கணிசமாகக் குறைந்துள்ளது என்றும் மதிப்பிட்டது. நோய் மிகுந்த நாடுகளின் வரிசையில் அந்த அறிக்கை நம் இந்தியாவையும் வைத்திருந்தது.

செவி மந்தமான குழந்தை தன் குறையைத் தானே சொல்லாது. ஆசிரியர் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. சொன்ன பாடத்தைத் திருப்பிச் சொல்வதில்லை. அதற்கு ‘மக்கு’ என்று பெயர் சூட்டிக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைக்கிறோம். அங்கே இன்னும் குறைவாகவே அதற்குக் கேட்கிறது. சில ஆண்டுகளில் படிப்பு ஏறவில்லை என்று வீட்டிலேயே நிறுத்திவிடுகிறோம். அறிவில் குறையில்லாத ஒரு குழந்தையின் வாழ்வு, துடைக்கப்படாத சீழினால் திசை மாறிவிடுகிறது.

கென்யாவில் நடந்த சோதனை

நான் மருத்துவப் பணியில் சேர்ந்த புதிதில், காது வடியும் குழந்தையுடன் வரும் தாய்மார்களிடம், “சுத்தமாகத் துடைத்து வாருங்கள், அது போதும்” என்று சொல்லி அனுப்பியதுண்டு. மருந்து கிடைப்பதரிதான இடங்களுக்கு அக்காலத்து மருத்துவ வழிகாட்டிகள் சிலவும் அவ்வாறே கூறின. இது சரிதானா என்பதை ஆப்பிரிக்காவிலுள்ள கென்ய நாட்டில் சோதித்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 1996-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

கியாம்பு மாவட்டத்தில் 145 தொடக்கப் பள்ளிகளில் காது வடியும் நோயுள்ள 524 குழந்தைகளைக் கண்டறிந்தார்கள். பள்ளிகளைச் சிறு தொகுதிகளாக்கி, எந்தத் தொகுதிக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சீட்டுப் போடுவதுபோல் தற்செயலாகவே தீர்மானித்தார்கள். ஒரு பிரிவினருக்குக் காதைத் துடைத்து உலர்த்துவது மட்டும். இரண்டாம் பிரிவினருக்குத் துடைத்து உலர்த்துவதோடு, காதில் சொட்டு மருந்தும் உட்கொள்ளக் கிருமிக்கொல்லி மருந்தும். மூன்றாம் பிரிவினருக்கு அப்போதைக்குச் சிகிச்சை எதுவும் இல்லை.

16 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, மருந்தும் பெற்ற பிரிவில் 100-க்கு 51 குழந்தைகளுக்குச் சீழ் நின்றிருந்தது. துடைத்தல் மட்டும் பெற்ற பிரிவில் 100-க்கு 22. சிகிச்சையே பெறாத பிரிவிலும் அதே 22! அதாவது, துடைப்பதோடு நின்றுவிட்டால் அதனால் பயனில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்த பாத்தியில் என்ன விளைந்ததோ அதுவே இந்தப் பாத்தியிலும் விளைந்தது. இம்முடிவைப் படித்த அன்று, நான் வெறுங்கையோடு திருப்பியனுப்பிய தாய்மார்கள் என் நினைவுக்கு வந்தார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன்; ஆனால் நல்லெண்ணம் மருந்தாகிவிடாது.

சீழ் நின்ற குழந்தைகளுக்குக் கேட்கும் திறனும் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. செவிப்பறையிலுள்ள துளை மட்டும் மூன்று பிரிவுகளிலும் சிலருக்கே மூடியது. துளை மூடாத குழந்தைக்குப் பின்னர் அறுவை மருத்துவம் தேவைப்படலாம்.

எந்தச் சொட்டு மருந்து நல்லது என்னும் கேள்வி அடுத்து எழுந்தது. இதையும் கென்யாவின் கிராமப்புறப் பள்ளிக் குழந்தைகளிடமே சோதித்து, 2005-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். சாராயச் சத்தில் கரைத்த போரிக் அமிலம் என்னும் பழைய மருந்தைப் பெற்ற குழந்தைகளில், இரண்டு வாரத்தில் 100-க்கு 32 பேருக்குச் சீழ் நின்றது. சிப்ரோஃபிளாக்சசின் என்னும் சொட்டு மருந்தைப் பெற்றவர்களில் 100-க்கு 59 பேருக்கு நின்றது.

வீட்டில் செய்ய வேண்டியது

சுத்தமான மெல்லிய பருத்தித் துணியைத் திரிபோல் உருட்டிக் காதில் வைத்து, அது நனைந்ததும் எடுத்துவிட்டு வேறு திரி வைக்க வேண்டும். திரி நனையாமல் வரும் வரை இவ்வாறு செய்து, காது உலர்ந்த பிறகே மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்தை விட வேண்டும். சீழ் நிறைந்த காதில் மருந்தை விட்டால், களை மூடிய வயலில் உரம் தூவியது போலத்தான். போய்ச் சேர வேண்டிய இடத்திற்கு அது போய்ச் சேராது. ஆகவே துடைப்பதும் வேண்டும், மருந்தும் வேண்டும். மருத்துவர் சொன்ன நாட்கள் முடியும் வரை இதை விடாமல் செய்ய வேண்டும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பூண்டு காய்ச்சிய எண்ணெய், பச்சிலைச் சாறு ஆகியவற்றைக் காதில் ஊற்றாதீர்கள். ஊக்கு, கோழி இறகு, தீக்குச்சி ஆகியவற்றால் குடையாதீர்கள். பஞ்சை அடைத்து அப்படியே விட்டுவிடாதீர்கள். காது வடியும் குழந்தையைக் குளத்திலும் கிணற்றிலும் குதித்து நீந்த விடாதீர்கள். வேறொருவருக்குக் கொடுத்து மீந்த சொட்டு மருந்தையும் விடாதீர்கள். கிழிந்த செவிப்பறையின் வழியே உள்ளே சென்றால் கேட்கும் திறனையே கெடுக்கக்கூடிய மருந்துகளும் அவற்றில் உண்டு.

சீழில் துர்நாற்றம் வீசினாலும், காதின் பின்புறம் வீங்கினாலும், தலைச்சுற்றல், கடும் தலைவலி, முகம் ஒரு பக்கம் கோணுதல் ஆகியவை தோன்றினாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. நோய் எலும்பை அரித்து மூளை வரை செல்லக்கூடும். உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தொண்டைச் சதையை எப்போது எடுப்பது?

காது நோயில் குறைவாகச் செய்து தவறினோம். தொண்டை நோயிலோ அதிகமாகச் செய்து தவறிய காலம் உண்டு. டான்சில் என்னும் தொண்டைச் சதையைக் குழந்தைகளுக்கு வெட்டி எடுப்பது மேல்நாடுகளில் ஒரு காலத்தில் வழக்கமாகவே இருந்தது. 1934-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் 11 வயதுள்ள 1,000 குழந்தைகளைப் பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. அவர்களில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுக்கப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரை மருத்துவர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் எனப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்டினார்கள். அவர்களிலும் 99 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். மிஞ்சிய 116 பேரை மூன்றாம் முறை காட்டியபோது இன்னும் 51 பேர். கடைசியில் 65 குழந்தைகளே மீந்தார்கள்! ஒவ்வொரு முறையும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வெட்ட வேண்டும் என்று சொல்லும் பழக்கமே அங்கே தீர்ப்பளித்ததென்பது தெளிவாயிற்று.

பிறகு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் முறையான சோதனை நடந்து, 1984-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. ஒரே ஆண்டில் 7 முறையோ, தொடர்ந்து இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 5 முறையோ, மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 3 முறையோ கடுமையான தொண்டை நோய் கண்ட குழந்தைகளுக்கு, அறுவை மருத்துவத்தால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் நோய் குறைந்தது. அவ்வளவு கடுமையாகப் பாதிக்கப்படாத குழந்தைகளுக்கு அறுவையால் கிடைக்கும் நன்மை சிறிது. அந்தச் சிறு நன்மைக்காக அறுவையின் அபாயத்தை ஏற்கத் தேவையில்லை என்று 2002-ஆம் ஆண்டில் வெளியான சோதனை காட்டியது. ஆகவே குழந்தைக்குத் தொண்டை நோய் வரும் தேதியையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வரவு செலவுக் கணக்கு எழுதுவதைப் போலத்தான் இதுவும். அக்குறிப்பு மருத்துவருக்கு மிகவும் பயன்படும்.

குறட்டையும் மூச்சுத் தடையும்

இரவில் உரக்கக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறும் குழந்தையின் நிலை வேறு. டான்சிலும், மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு என்னும் சதையும் பெருத்து மூச்சுப் பாதையை அடைப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். 5 முதல் 9 வயது வரையுள்ள 464 குழந்தைகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியாயிற்று. அறுவை செய்துகொண்டவர்களில் 100-க்கு 79 பேருக்கு ஏழு மாதத்தில் உறக்க மூச்சு சீரடைந்தது. அறுவையின்றிக் கவனித்துவந்தவர்களிலும் 46 பேருக்குச் சீரடைந்தது. எனவே குறட்டையை ‘நல்ல தூக்கம்’ என்று எண்ணி விட்டுவிடவும் வேண்டாம். கேட்ட உடனே கத்திக்கு அஞ்சவும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டி அவருடன் கலந்து முடிவு செய்யுங்கள்.

ஊராட்சியின் கடமை

இனி ஊராட்சி உறுப்பினர்களாகிய உங்களுக்கு ஒரு வேண்டுகோள். 2013-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வந்து பார்க்க வேண்டும். காது நோயும் செவி மந்தமும் அவர்கள் பார்க்க வேண்டியவற்றில் அடங்கும். அக்குழு வரும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து ஊருக்கு அறிவியுங்கள். அன்று பள்ளிக்கு வராத குழந்தைகளையும் அழைத்து வரச் செய்யுங்கள். ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் சேர்ந்து, காது வடியும் குழந்தைகளின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கட்டும். அக்குழந்தைகள் வகுப்பில் முன்வரிசையில் அமரட்டும். மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட குழந்தை உண்மையில் மருத்துவமனைக்குப் போயிற்றா என்பதை அடுத்த கிராம சபைக் கூட்டத்திற்கு முன் விசாரித்தறியுங்கள்.

வருமுன் காப்பதும் நம் கையில் உள்ளது. தாய்ப்பால் குடித்து வளரும் குழந்தைக்குக் காது நோய் குறைவாக வருகிறது. புகைபிடிப்பவர் உள்ள வீட்டில் அது அதிகமாக வருகிறது. ஆகவே குழந்தை இருக்கும் வீட்டினுள் பீடி, சிகரெட் புகை வேண்டாம். தடுப்பூசிகளை உரிய காலத்தில் தவறாமல் போடுங்கள்.

பெரியோர்களே! சாலை போடுகிறோம், பள்ளிக்குக் கட்டடம் கட்டுகிறோம், குடிநீர் கொண்டு வருகிறோம். அந்தப் பள்ளியில் ஆசிரியர் சொல்வது ஒரு குழந்தைக்குக் காதில் விழவில்லையென்றால், கட்டடத்தின் பயன் அக்குழந்தைக்குக் கிட்டவில்லை. இன்று ஊருக்குத் திரும்பியதும், உங்கள் வார்டில் காது வடியும் குழந்தை எது என்று முதலில் கேளுங்கள். ஒரு குழந்தையையேனும் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். நான் வெறுங்கையோடு அனுப்பியது போல் இனி எந்தத் தாயும் திரும்பிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.