நூற்று நாற்பது காசு லாபம்

(சங்க மண்டபத்தில் வாலிபர் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடதாசி விளையாட்டைப் பற்றிப் பேசவந்த எம்மிடம் திருக்குறளின் சூது அதிகாரத்தை எதிர்பார்த்திருப்பீர்கள். அதனை நீங்கள் பள்ளியிலேயே நெட்டுருப் பண்ணியவர்கள். ஆதலின் அதை விடுத்து, யாம் வென்ற கதையொன்றைச் சொல்லுகின்றோம்.

சென்ற மாதம் ஓரிரவு, கைத்தொலைபேசியிலே போக்கர் ஆட அமர்ந்தோம். மெய்க்காசு அன்று, விளையாட்டுக் காசு. தொடக்கத்தில் 10,000 இலவசமாகத் தந்தார்கள். மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய 200 ஆட்டம் ஆடினோம். முடிவில் 10,140 இருந்தது. மடியில் ஒரு சதமும் விழவில்லை. ஆயினும் ஊரை வென்றவர் போல நித்திரைக்குப் போனோம்.

விடிந்த பின்னரே கணக்குப் பார்த்தோம். கடைசிக்கு முந்திய ஆட்டத்தில் 2,000க்கு மேற்பட்ட காசு நடுவிலே கிடந்தது. எம் கையில் இரண்டு ஆடுதன், மேசையில் இரண்டு ஆடுதன்; இன்னுமோர் ஆடுதன் விழுந்தாலன்றி எமக்குக் கதியில்லை. நாம் காணாத கடதாசி 46. அவற்றுள் ஆடுதன் 9. ஐந்து முறைக்கு ஒரு முறை வரக்கூடியது அன்று வந்தது. வராதிருப்பின் யாம் தோற்றவர். இதனையே இரவு முழுதும் எமது சாமர்த்தியம் என்று மெச்சிக்கொண்டோம்!

மேலும், அம்மேசையில் எவருக்கும் அச்சமில்லை. பறிபோகும் பொருள் இல்லாதபடியால் எந்தக் கையோடும் ஈற்றுவரை வருகிறார்கள். கை கெட்டதெனக் கண்டு கடதாசியைக் கீழே வைப்பதே போக்கரிற் பாதி வித்தை. அதனை அங்கே பழக முடியாது.

நம் ஊர்த் திண்ணைகளில் ஆடும் 304ஐ நினைத்துப் பாருங்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று எண்ணி வந்தால் ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கும் 304. 160 கேட்டு 161 எடுத்தாலும் வெற்றிதான். ஆனால் எதிரே இருப்பவர் விடுவாரா? "அந்தத் துருப்பை ஏன் அப்போது இறக்கினீர்?" என்று பிடித்துக்கொள்வார். கூட்டாளியும் சேர்ந்து ஏசுவார். அந்த ஒரு புள்ளி வந்த வழி தேநீர் ஆறுமுன் அம்பலமாகிவிடும். கைத்தொலைபேசியில் எம்மைக் கேட்பார் இல்லை.

போக்கர் திறமையா, தற்செயலா என்று அயல்நாட்டிற் பெரிய வழக்கே நடந்தது. திறமை விளையாட்டே எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. இந்தியப் பாராளுமன்றமோ 2025 ஆகஸ்டில், எதுவாயினுமாகுக என்று, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை முற்றாகத் தடுத்துச் சட்டம் இயற்றியது. நீண்டகாலம் ஆடினால் திறமை தெரியும் என்பது மெய்யே. ஓரிரவின் 140 காசு அதற்குச் சாட்சியாகுமா?

ஒன்றை மறைத்துவிட்டோம். 10,140 என்ற எண் தோன்றிய கணமே அதன் கீழ் வேறொரு கட்டம் தோன்றியது: மெய்ப்பணத்துக்கு ஆட விருப்பமா என்று. எம் விரல் அதன்மேல் நின்றது. தோற்றிருந்தால் நின்றிராது. அன்று எம்மைத் தடுத்தது அறிவென்று சொல்ல ஆசைதான். உண்மை யாதெனில், தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.