வெள்ளை மணிகள்

புத்தளத்தாருக்கு வெள்ளை மணி என்றால் உப்புத்தான். 2021இல் வேறொரு வெள்ளை மணியையும் வாரினோம். கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பலில் இருந்த பிளாஸ்டிக் குருணை அது. ஏறத்தாழ 1,680 தொன். அலை அதை எங்கள் கரைக்கும் கொண்டுவந்தது.

அதைப் பிரித்தெடுக்க அரிதட்டும் வாளித் தண்ணீருமே வேண்டும். மணல் தாழும், குருணை மிதக்கும். உப்பென்றால் ஒரு மழையில் கரையும். இது கரையாது, புதைந்தது அடுத்த கச்சானில் மீண்டும் மேலே வரும்.

2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால், நேயர்களே, இந்தத் துப்புரவு ஒருநாள் சிரமதானம் அல்ல. ஒரு தலைமுறையின் வேலை. கரையில் குனிந்து அரிப்பவரின் கூலியும் அந்தக் கணக்கில் எழுதப்பட வேண்டும்.