இளமை கவசம் அல்ல!



"கொலஸ்ட்ரால் எல்லாம் அப்பாவுக்கு வர்ற நோய், எனக்கென்ன சார்?" என்று இருபது வயதுத் தம்பிகள் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

ரத்தக்குழாயில் தேங்கும் கொழுப்பை அள்ளிக் கல்லீரலுக்குக் கொண்டுபோகும் துப்புரவுப் பணியாளன்தான் எச்.டி.எல். என்னும் நல்ல கொழுப்பு. சிகரெட் புகை முதலில் அவன்மீதுதான் கை வைக்கிறது! புகைப்பவர்களிடம் நல்ல கொழுப்பு சராசரியாக 5.7 சதவீதம் குறைவு, டிரைகிளிசரைடு என்னும் இன்னொரு ரத்தக் கொழுப்பு 9.1 சதவீதம் அதிகம் என்று 1989இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு தொகுப்பாய்வு வந்துவிட்டது. எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பையும் புகை சும்மா விடுவதில்லை. அதைச் சிதைத்து, ரத்தக்குழாய்ச் சுவருக்குள் படிய வைக்கிறது.

வயது காப்பாற்றுமா? அமெரிக்காவில், விபத்திலும் வன்முறையிலும் இறந்த 15 முதல் 34 வயது இளைஞர்களின் உடல்களை ஆராய்ந்தார்கள். புகைத்தவர்களின் வயிற்றுப் பெருந்தமனியில் கொழுப்புப் படிவம் கூடுதலாக இருந்தது. அவர்களில் யாரும் கிழவர்கள் இல்லை, தோழர்களே!

"ஒன்றுதானே பிடிக்கிறேன்" என்கிறாயா? நாளைக்கு இருபது பிடிப்பவனுக்கு எவ்வளவு இதயநோய் ஆபத்து கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி ஒன்றே ஒன்று பிடிப்பவனுக்கும் கூடுகிறது என்று 2018இல் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஒன்றை விற்பது யார்? பெட்டிக்கடைத் தூணில் கயிறு கட்டி லைட்டர் தொங்குகிறது. கடைக்காரர் ஒற்றை சிகரெட்டை உருவி நீட்டுகிறார். பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை அடைத்து அச்சிட்ட எச்சரிக்கைப் படம் கடைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. விடுபட உதவும் தொலைபேசி எண்ணும் அதோடு தங்கிவிடுகிறது. மாணவன் கைக்கு நஞ்சு மட்டும் வருகிறது! கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை நிறைவேற்றுங்கள் என்று கேட்கிறோம். ஒற்றை சிகரெட் விற்பனை நிற்க வேண்டும் என்று கேட்கிறோம்.

தம்பிகளே, புகையை விட்டால் சில வாரங்களிலேயே நல்ல கொழுப்பு ஏறத் தொடங்கும். உடம்பு உங்களை மன்னிக்கத் தயாராக இருக்கிறது. கடைக்குள் தங்கிவிட்ட அந்த எண்ணை நான் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: 1800-11-2356. கட்டணம் கிடையாது. இன்றைக்கே கூப்பிடுங்கள்!