கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



நம் குடியிருப்பில் இரண்டு வீடுகள் விலைக்கு வந்திருக்கின்றன. விற்பவர் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று பேசச் சொன்னார் செயலாளர். நான் வக்கீல் இல்லை. வங்கிக் கடன் பிரிவில் குமாஸ்தாவாகப் பத்திரங்களைப் புரட்டியவன், அவ்வளவுதான்.

முதலில் என் கதை. வெம்பாக்கத்தில் இருந்த எங்கள் பூர்வீக வீட்டை விற்றுத்தான் இங்கே வந்தேன். அப்பா பட்டு நெய்தவர். கூடத்தில் தறிக்குழி இருந்தது. தறியை எடுத்த பிறகு குழியை மண் போட்டு மூடி, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டோம். மழைக்காலத்தில் அந்த இடம் மட்டும் லேசாக இறங்கும், ஓதம் ஏறும். வாங்க வந்தவர் பார்த்ததோ சித்திரை வெயிலில். தரை பளபளவென்று இருந்தது.

"அவர் கேட்கலை, நாம ஏன்ணா சொல்லணும்?" என்றான் தம்பி. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே ஆசைதான். இரண்டு நாள் தூக்கம் இல்லை. அப்போதுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55. வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அது சொல்வது இதுதான்: சொத்திலோ உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாதது என்றால், விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவு சொல்கிறது. சுவரில் எல்லார் கண்ணுக்கும் தெரியும் விரிசல் வேறு. டைல்ஸுக்கு அடியில் இருக்கும் தறிக்குழி வேறு.

வாங்குபவர் கேட்டால் பத்திரங்களைக் காட்ட வேண்டும். கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும். விற்கும் நாள் வரையிலான சொத்து வரி பாக்கியும் விற்பவர் பொறுப்புதான்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் இதற்கென்றே அச்சிட்ட படிவம் உண்டு. வீட்டின் குறைகளை விற்பவர் அதில் நிரப்பிக் கொடுக்கிறார். நமக்கு அப்படிப் படிவம் இல்லை. நாமே ஒன்று வைத்துக்கொள்ளலாம். அடுக்குமாடிக்கு நான் சொல்வது இவை:

1. குளியலறை ஒழுக்கு, கூரை ஓதம்: பெயிண்ட் அடித்து மறைத்திருந்தாலும் சொல்லுங்கள்.

2. வங்கிக் கடன்: பத்திரத்தை அடமானம் வைத்தபோது பதிவான எம்.ஓ.டி. வில்லங்கச் சான்றில் இருக்கும். கடன் அடைந்தாலும் ரசீதுப் பத்திரம் பதிவு செய்யாவிட்டால் அது அப்படியே நிற்கும். கடனை அடைத்தோம், வேலை முடிந்தது என்று போய்விடாதீர்கள்.

3. கூடப்பிறந்தவர்களின் பங்கு, நிலுவையில் உள்ள வழக்கு.

4. கார் நிறுத்துமிடம்: பத்திரத்தில் இருக்கிறதா, வாய்வார்த்தையா?

5. சங்கத்துக்குப் பராமரிப்பு பாக்கி, ஏற்கெனவே தீர்மானித்த பெரிய செலவில் உங்கள் பங்கு.

வாங்குபவர்களும் சும்மா இருக்க வேண்டாம். மழைக்காலத்தில் ஒருமுறை வந்து பாருங்கள். கீழ் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

என் கதைக்கு வருகிறேன். மூன்றாம் நாள் அவருக்குப் போன் செய்து தறிக்குழி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் 60,000 ரூபாய் குறைத்தார். தம்பிக்கு வருத்தம்தான், எனக்கும் அது பெரிய பணம்தான். ஆனால் அவர் தரையைத் தோண்டி, ஜல்லி கொட்டி இடித்துச் சரிசெய்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தத் தெருவில் இன்றும் நான் தலை நிமிர்ந்து நடக்கிறேன்.

இந்த ஐந்தையும் ஒரு பக்கத் தாளாகச் சங்கம் அச்சிட்டு, வீட்டை விற்கும் எல்லாரிடமும் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.