கண்ணாடித் தொட்டியில் ஓர் இயங்குயிர்



இல்லத்து மீன்தொட்டியின் கண்ணாடியில் ஒருநாள் நூலிழை போன்ற முளைகள் தென்படும். நீர்ச்செடியோடு வந்த பாசி என்றே பலரும் கருதுவர். உற்று நோக்கினால் இழையின் நுனியில் நுண்கைகள் விரிந்திருக்கும். தீண்டினால் அது சுருங்கும். அதன் பெயர் ஹைட்ரா.

1740ஆம் ஆண்டு, நெதர்லாந்தின் ஹேக் நகரருகே, சிறுவர் இருவருக்கு ஆசிரியராயிருந்த ஆபிரகாம் டிரெம்பிளே, குட்டை நீர் எடுத்து வைத்த கண்ணாடிக் குடுவையில் இதனைக் கண்டார். பசுமை நிறத்தால் செடியோ என ஐயுற்றார். ஐயம் தீர இரண்டாக வெட்டினார். இரு துண்டுகளும் முழு உயிர்களாக வளர்ந்தன. செடிக்குரிய இயல்பு இது. ஆயினும் அது இடம்பெயர்ந்தது. இரை பற்றி உண்டது. ஆதலின் விலங்கே எனத் தெளிந்தார்.

உயிர்களை நிற்பன, இயங்குவன எனப் பகுத்தது அருகநெறி. இயங்குயிரை அறிந்து கொல்லாமை இல்லறத்தாரின் முதல் அணுவிரதம். பாசியென்று எண்ணிச் சுரண்டும் கை, இயங்குயிரையன்றோ அழிக்கிறது!

மீன் உண்டு மிஞ்சிய இரையில் சிற்றுயிர்கள் பெருகும். அவற்றை உண்டு ஹைட்ராவும் பெருகும். பின்னர் மருந்திட்டுக் கொல்ல முனைவர். அளவறிந்து இரையிட்டால் அந்நிலை நேராது. மீனைப் பட்டினியிடுதலும் அறமன்று. உணவைத் தடுத்தல் அவ்விரதத்தின் ஐந்து குற்றங்களுள் ஒன்று. அவ்வைந்தனுள் முதலாவதோ, உயிரைக் கட்டி அடைத்தல். தொட்டி வாங்குமுன் இல்லறத்தார் எண்ணிப் பார்க்க வேண்டியது அதுவே.